கூட்டத்தின் மீது பழி சுமத்துவது நீதியாகுமா?



"விளையாட்டும் வன்முறையும்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் உங்களிற் பலர் ஒரே வசனத்தைத்தான் எழுதுகிறீர்கள்: "வெறிபிடித்த ரசிகர்களால் விளையாட்டு சீரழிகிறது." இது பொய்யென்று நான் கூறவில்லை. ஆனால் இது அரைவாசி உண்மை. அரைவாசி உண்மை எத்துணை பெரிய அநியாயத்துக்கு வழிவகுக்கும் என்பதை இங்கிலாந்தின் லிவர்பூல் உதைபந்தாட்டக் கழக ரசிகர்களின் வரலாறு காட்டுகின்றது. நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேரழிவுகளில் அவர்களது பெயர் அடிபட்டது. ஒன்றில் அவர்களுள் ஒரு பகுதியினர் குற்றவாளிகள். மற்றையதில் அவர்கள் குற்றமற்றவர்கள். ஆனால் இரண்டுக்கும் முதலில் எழுதப்பட்ட தீர்ப்பு ஒன்றே.

முதலாவது அனர்த்தம் 1985 மே 29 ஆம் திகதி பெல்ஜியத்தின் தலைநகர் பிரசல்ஸில், ஹெய்சல் மைதானத்தில் நிகழ்ந்தது. ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் லிவர்பூலும் இத்தாலியின் யுவென்டஸ் கழகமும் மோதவிருந்தன. போட்டி ஆரம்பமாவதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர், லிவர்பூல் ரசிகர்களுள் ஒரு கூட்டத்தினர் இடையிலிருந்த கம்பி வேலியைத் தகர்த்துக்கொண்டு, அடுத்த பகுதியில் நின்ற இத்தாலிய ரசிகர்களை நோக்கிப் பாய்ந்தனர். பயந்து ஓடியவர்கள் பக்கச் சுவரோடு நெருக்குண்டனர். சுவரும் இடிந்து வீழ்ந்தது. 39 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32 பேர் இத்தாலியர். சுமார் 600 பேர் காயமடைந்தனர். இத்தனைக்கும் பிறகு அன்றிரவே போட்டி நடத்தப்பட்டு, யுவென்டஸ் ஒரு கோலினால் வென்றது.

பாய்ந்தவர்களின் குற்றத்தை எவரும் மறைக்க முடியாது. 1989 இல் பெல்ஜிய நீதிமன்றம் 14 லிவர்பூல் ரசிகர்களுக்கு மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதில் பாதி ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் விசாரணை அவர்களோடு நின்றுவிடவில்லை. பெல்ஜிய உதைபந்தாட்ட அதிகாரி ஒருவரும் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி ஒருவரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஏன்? அந்த மைதானம் 1930 இல் திறக்கப்பட்டது. பராமரிப்பின்றிப் படிகள் பெயர்ந்து கிடந்தன. அந்தத் துண்டுகளே எறிவதற்குக் கல்லாகின. நடுநிலையான பார்வையாளருக்கென ஒதுக்கப்பட்ட பகுதியின் நுழைவுச்சீட்டுகள் பெருமளவில் இத்தாலியரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இரு தரப்பினருக்கும் இடையில் பலவீனமான கம்பி வேலியும் போதாத பொலிஸாருமே இருந்தனர். தீக்குச்சியை உரசியவன் குற்றவாளிதான். அவனைக் கொண்டுபோய் வைக்கோற்போருக்குப் பக்கத்தில் நிறுத்தியவரும் பொறுப்பாளியே.

இதன் விளைவாக இங்கிலாந்தின் கழகங்கள் யாவும் ஐந்து ஆண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து தடைசெய்யப்பட்டன. லிவர்பூலுக்கு மேலும் ஓர் ஆண்டு. இங்கிலாந்து ரசிகர்களின் அடாவடித்தனம் ஒரு நாளில் முளைத்ததல்ல. ஆகவே கடுமையான நடவடிக்கை தேவைப்பட்டது என்போரின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே லிவர்பூல் நகரத்தின் மற்றைய கழகமான எவர்டன் அவ்வாண்டு இங்கிலாந்தின் சம்பியன் ஆகியிருந்தது. பிரசல்ஸ் சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத அந்த அணியும் ஐரோப்பியக் கிண்ணத்தில் விளையாடும் வாய்ப்பை இழந்தது. கூட்டுத் தண்டனை குற்றவாளியையும் நிரபராதியையும் ஒரே தராசில் நிறுத்துவிடுகின்றது.

தடையோடு சேர்ந்து ஒட்டிக்கொண்ட இன்னொன்றும் இருந்தது. அதுதான் கெட்ட பெயர். அதன் விலை என்ன என்பதை 1989 ஏப்ரல் 15 ஆம் திகதி காட்டிற்று.

அன்று ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நொட்டிங்ஹாம் பொரஸ்ட் கழகத்துக்கும் இடையே அரையிறுதிப் போட்டி. வெளியே பெரும் நெரிசல் ஏற்படவே பொலிஸார் ஒரு வெளிவாயிலைத் திறந்துவிட்டனர். ஆனால் ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்குச் செல்லும் வழியை மூடத் தவறினர். உள்ளே சென்றவர்களுக்கு முன்னால் உயர்ந்த இரும்பு வேலி. ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்காகப் போடப்பட்ட வேலி அது. முன்னால் நின்றவர்கள் அதில் நசுங்கினர். ஆட்டம் ஆறு நிமிடங்களில் நிறுத்தப்பட்டது. மரணித்தோர் தொகை இன்று 97 ஆகும். அன்று காயமடைந்த ஒருவர் 32 ஆண்டுகளின் பின்னர், 2021 இல், இறந்தபோது 97 ஆவது உயிராகக் கணக்கிடப்பட்டார்.

அங்கே எவரும் எவரையும் தாக்கவில்லை. எனினும் நடந்தது என்ன? ரசிகர்களே வாயிலை உடைத்தனர் என்று பொறுப்பதிகாரி பொய் சொன்னார். இறந்தவர்களிடம் ரசிகர்கள் திருடினர் என்று நான்கு நாட்களின் பின் ஒரு பத்திரிகை "உண்மை" என்ற தலைப்பிட்டே முதற்பக்கத்தில் எழுதியது. பலர் நம்பினர். ஹெய்சலில் நடந்தது மனதில் இருந்தமையால் நம்புவது இலகுவாயிற்று என்பதே என் கருத்து.

பிள்ளைகளை இழந்த பெற்றோர் ஓயவில்லை. காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே பிரதான காரணம் என நீதியரசர் டெய்லரின் அறிக்கை 1989 ஓகஸ்ட்டிலேயே கூறியது. ஆயினும் பழிச்சொல் போகவில்லை. 164 பொலிஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தமை 2012 இல் சுயாதீனக் குழுவொன்றினால் அம்பலமாயிற்று. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமல்ல என்றும் ஜூரி சபை தீர்மானித்தது 2016 இல். அதற்கு 27 ஆண்டுகள் பிடித்தன. அப்போதைய பொலிஸ் பொறுப்பதிகாரி 2019 இல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார் என்பதையும் சேர்த்தே படியுங்கள். உண்மை வெளிவந்தது, தண்டனை வரவில்லை.

நல்ல மாற்றங்களும் நிகழ்ந்தன. டெய்லரின் 1990 ஆம் ஆண்டு இறுதி அறிக்கையைத் தொடர்ந்து பெரிய மைதானங்களில் இரும்பு வேலிகள் அகற்றப்பட்டு ஆசனங்கள் அமைக்கப்பட்டன. ஹெய்சல் மைதானமும் புனரமைக்கப்பட்டு 1995 இல் வேறு பெயரில் திறக்கப்பட்டது. ஆனால் கட்டடங்களைத் திருத்துவதைவிட, ஒரு கூட்டத்தைப் பற்றி மனிதர் மனதில் பதிந்த எண்ணத்தைத் திருத்துவது கடினம்.

மாணவர்களே, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர். இத்தகைய தலைப்பு வினாத்தாளில் வந்தால், அல்லது அத்தகைய செய்தி உங்கள் காதுக்கு எட்டினால், மூன்று வினாக்களைக் கேளுங்கள். செய்தவர் யார்? தடுத்திருக்க வேண்டியவர் யார்? இந்தக் கதையை முதலில் சொல்பவர் யார்? ஹெய்சலில் முதல் வினாவோடு நிறுத்தியவர்கள் பாதியைத் தவறவிட்டனர். ஹில்ஸ்பரோவில் மூன்றாவது வினாவைக் கேட்காதவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் அந்தப் பிள்ளையையே குற்றவாளியாக்கினர். "ரசிகர்கள்", "அந்த ஊரார்", "அந்தக் கூட்டம்" என்று எழுதப் பேனையை எடுக்கும்போது அந்தத் தாயை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.