கூட்டம் கூட்டத் தெரிகிறது. கோப்பு வைக்கத் தெரியவில்லையே!



“நம்மவர்க்கு ஒற்றுமை இல்லை” என்னும் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கமாயினும் கோயில் நிருவாகமாயினும் இளைஞர் மன்றமாயினும், எது சரிந்தாலும் நம் பேச்சாளர்கள் எழுதித் தரும் மருந்துச் சீட்டு இது ஒன்றுதான். நான் இதனை ஏற்பதற்கில்லை. நம் அடித்தட்டு அமைப்புகளைப் பிடித்துள்ள நோய் ஒற்றுமைக் குறைவன்று, செயலாற்றற் குறைவு.

2007 நவம்பர் 25-ஐ நினைத்துப் பாருங்கள். கண்ணீர்ப் புகையையும் நீர்ப் பீரங்கியையும் பொருட்படுத்தாது கோலாலம்பூர் வீதிகளில் பல்லாயிரவர் திரண்டனரே, அது ஒற்றுமையற்ற கூட்டமா? அடுத்த மாதமே இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டனர். 2009-இல் அதே எழுச்சியிலிருந்து வெவ்வேறு கட்சிகள் முளைத்துத் தனித்தனியே நடக்கலாயின. அடக்குமுறையும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆயினும், ஊர்தோறும் பொங்கிய உணர்ச்சியை ஊர்தோறும் தாங்கிப் பிடிக்க எத்தனை செயலாளர்கள், எத்தனை கணக்கர்கள் நம்மிடம் இருந்தனர்?

இப்படிக் கேட்டால் உடனே விடை வரும்: “சீனர்களிடம் பணம் இருக்கிறது ஐயா, நம்மிடம் என்ன இருக்கிறது?” நம் புக்கிட் மெர்தாஜாமிலேயே ஜிட் சின் தனியார் உயர்நிலைப்பள்ளி கண்ணெதிரே நிற்பதால் இந்த விடை எளிதில் வாய்க்கு வந்துவிடுகிறது. அத்தகைய பள்ளிகளுக்குப் பின்னால், 1954-இல் தொடங்கிய சீனப்பள்ளி வாரியங்களின் கூட்டமைப்பு இன்றும் இயங்குகிறது என்பதை மட்டும் மறந்துவிடுவோம்.

சரி, சீனரை விடுங்கள். தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் வீடும் வேலையும் இழந்து நின்ற காலத்தில், 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதையும் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். செலுத்தியவர்கள் யார்? பால்மரம் வெட்டியவர்கள்! அந்தப் பணத்தில் முதலில் வாங்கிய தோட்டம் நம் அண்டை மாநிலமான கெடாவின் புக்கிட் சீடிம். தலைவரின் பேச்சு மக்களை இழுத்தது உண்மை. ஆனால் பத்து வெள்ளிக்கும் பற்றுச்சீட்டும் பதிவேடும் இல்லாமல் தோட்டம் வாங்க முடியுமா?

இனி நம் பள்ளிக்கு வருவோம். நான் அறிந்த ஒரு தமிழ்ப்பள்ளியில் (பெயர் வேண்டா) நிலம் தொடர்பாகப் பல்லாண்டுகள் மடல் எழுதினார்கள். செயலாளர் மாறினார், கோப்பு அவர் மகிழுந்தின் பின்பெட்டியோடு போயிற்று. புதிய செயலவை முதல் மடலை மறுபடியும் எழுதியது. “முன்னர் எழுதியதன் நகல் உண்டா?” என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இல்லை! அதன்பின் ஒரு கண்டனக் கூட்டம், நாளிதழில் ஒரு படம். நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. நம் பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறுபவை. பலவற்றின் நிலமே பிறருடையது. பத்து ஆண்டு இழுக்கும் வழக்கை ஒரு நாள் முழக்கம் முடிக்குமா?

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. ‘பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது’ என்று எண்ணிக்கொண்டு, கூட்டக் குறிப்பு முதல் கணக்கு வரை நாமே எழுதிவிடுகிறோம். ஆசிரியர் மாற்றலாகும் நாளில் சங்கத்தின் ஆற்றலும் மாற்றலாகிவிடுகிறது.

பெற்றோருக்கா தெரியாது? பிறையிலுள்ள தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்துவரும் தாய்மார்களைக் கேளுங்கள். எந்த இயந்திரம் எப்போது நின்றது, யார் பார்த்தார், என்ன மிச்சம் என்று அடுத்த ‘சிப்ட்’டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வாயிலைத் தாண்டுகிறார்கள். அந்தத் தாய்மார்களை நாம் பரிசளிப்பு விழாவில் நெகிழிப் பையில் மீ கோரெங் கட்டுவதற்கு மட்டும் அழைக்கிறோம்! அவர்களில் இருவரைச் செயலாளருக்குத் துணையாக அமர்த்தி, ஓராண்டு உடன் எழுதவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

வரும் ஆண்டுக் கூட்டத்தில் வேட்பாளர் பெயரை முன்மொழிவதற்கு முன், பழைய செயலவை நிலக் கோப்பையும் கணக்கேட்டையும் வங்கிக் கையேட்டையும் மேசைமேல் வைக்கட்டும் என்று கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், “நம்பிக்கை இல்லையா?” என்பார்கள். பொன்னாடையும் மாலையும் அதன்பிறகு இருக்கட்டும்.