துப்பாக்கிக்குத் தனிப் பெட்டி வேண்டும்

நம் சங்கத்து உறுப்பினர்களில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்கள் சிலரே. வசூலுக்கு வெளியூர் போய் ரொக்கத்தோடு இரவில் திரும்ப வேண்டியிருந்த மொத்த வியாபாரிகள்தாம் பெரும்பாலும் அதை வாங்கினார்கள். நாமும் 1999-ல் கலெக்டர் ஆபீஸ் படியேறி வாங்கினோம். இப்போது வசூலில் பெரும்பகுதி பாங்கு மூலமாகவே வந்துவிடுகிறது. ரிவால்வர் மட்டும் வீட்டில் கிடக்கிறது. அது எங்கே கிடக்கிறது என்பதுதான் பேச்சு.

நம் வீட்டில் அது பல வருஷம் ரொக்கம் வைக்கும் இரும்புப் பெட்டியிலேயே இருந்தது. நாலு ஆள் சேர்ந்தால்தான் நகரும் பெட்டி. இதைவிடப் பத்திரம் ஏது என்று நினைத்திருந்தோம். போன தீபாவளிக்கு முன்பு, சில்லறை எடுத்து வரச் சொல்லி வீட்டில் பேரனிடம் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு வயசுப் பிள்ளை. பத்து ரூபாய்க் கட்டை ஒரு கையிலும் தோல் உறையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, "தாத்தா, இது உங்களுதா?" என்று கூடத்தில் வந்து நின்றான். தோட்டா ஏற்றியிருக்கவில்லை. ஆனால் தோட்டா டப்பா அதே தட்டில்தான் இருந்தது. அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் பெட்டியின் பேரில் குற்றமில்லை. ரொக்கப் பெட்டி நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடுவதற்கென்றே இருப்பது. மகன் திறப்பான், மருமகள் திறப்பாள், அவசரத்துக்குக் கணக்குப்பிள்ளையும் திறப்பார். லைசென்ஸோ நம் ஒருவர் பேரில். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவர் வசம் துப்பாக்கி இருப்பதே குற்றம். பொதுச் சாவி உள்ள பெட்டியில் அதை வைக்கக் கூடாது என்பது நம் முடிவான அபிப்பிராயம். பீரோ இன்னும் மோசம். சன்னலுக்கு வெளியே நின்றபடியே பீரோவை இழுத்துத் திறக்கும் 'பீரோ புல்லிங்' திருடர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

அவசரத்துக்குக் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தானே உபயோகம் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இத்தனை வருஷத்தில் நாம் அதை ஒருமுறைகூட எடுக்க நேரவில்லை. பேரப்பிள்ளைகள் தினமும் வீட்டில் இருக்கிறார்கள்.

தனிப் பெட்டி என்றதும் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். லாட்ஜ் ரூமில் வைத்திருப்பார்களே, அந்த அளவு போதும். நாம் மதுரையில் மூன்று கடை ஏறி இறங்கினோம். ஒரு கடையில் கைரேகைப் பெட்டியைத்தான் வாங்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம், விலையும் இரட்டிப்பு. நாற்பது வருஷம் வற்றல் மூட்டையோடு புழங்கிய விரல் நம்முடையது. ஆதார் மிஷினிலேயே ரேகை விழ மாட்டேன் என்கிறது! எண் அழுத்தித் திறக்கும் பெட்டியை ஏழாயிரம் ரூபாய்க்குள் வாங்கி வந்தோம்.

கதவுத் தகடு தடிமனாக இருக்கட்டும். தட்டிப் பார்த்தால் எண்ணெய் டின் போலச் சத்தம் வருவதைத் தொடாதீர்கள். அதைவிட முக்கியம், போல்ட் போடும் ஓட்டை. இந்தச் சின்னப் பெட்டிகள் பத்துப் பதினைந்து கிலோதான். திருடன் திறக்கவே வேண்டாம், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவான். செங்கல் சுவரிலோ கான்கிரீட்டிலோ பெட்டியின் உள்ளேயிருந்து போல்ட்டை முடுக்க வேண்டும். அலமாரிப் பலகையில் முடுக்கினால் பலகையோடு போகும்.

கம்பெனி போட்டு அனுப்பும் எண் விளக்கத் தாளிலேயே அச்சடித்திருக்கும். பல பெட்டிகளில் திறக்கும் எண், மாஸ்டர் எண் என்று இரண்டு உண்டு. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். பாட்டரி தீர்ந்தால் திறக்க ஒரு சாவியும் தருவார்கள். அதைப் பூஜை அறை ஆணியில் மாட்டினால் பழைய கதைதான். நாம் அதைப் பாங்கு லாக்கரில் போட்டுவிட்டோம். தோட்டாவுக்கு வேறு பூட்டு, வேறு இடம். அந்தச் சாவியும் நம்மிடமே.

தோல் உறையோடு உள்ளே வைக்காதீர்கள். தோல் ஈரம் இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டால் போதும்; அதன் உபயோகத்தை மளிகைக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அப்போது பெட்டி சும்மா கிடக்குமே, நகையை வைத்துக்கொள்ளட்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நகையை வைத்தால் எண்ணையும் சொல்ல வேண்டிவரும்.