காலந்தவறியது மழையன்று

‘காலந்தவறிய மழை’ என்ற சொற்றொடரைப் போல் அதிகாரிகளுக்கு வாய்ப்பான சொற்றொடர் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பொறுப்பு முழுவதையும் வானத்தின் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். வானம் விசாரணைக்கு வராது, மறுப்பறிக்கையும் விடாது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இலங்கையை உலுக்கியபோது, பயணத்தின் நடுவழியில் சிக்குண்டு கிடந்த மக்களைப் பற்றிப் பேசியவர்களில் பலர் இந்தச் சொற்றொடருக்குள்ளேயே ஒதுங்கிக்கொண்டனர்.

நாட்காட்டியைப் புரட்டிப் பார்ப்போம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் மன்னாரையும் வடபுலத்தையும் அறைந்தது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பு சிதைந்தது. 2000 டிசம்பர் 26 திருகோணமலை. 2008 நவம்பரில் ‘நிஷா’ யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கிற்று. 2020 டிசம்பர் 2 ‘புரெவி’. வங்காள விரிகுடா இலங்கைக்குச் சூறாவளி அனுப்பும் மாதங்கள் நவம்பரும் டிசம்பரும் என்பதை உயர்தர வகுப்புப் புவியியல் மாணவனும் அறிவான். ஆக, 2025 நவம்பர் 28 கரையேறிய டித்வா தனக்குரிய பருவத்திலேயே வந்தது. அதன் சீற்றம் வழக்கத்துக்கு மீறியது என்பது உண்மை. வருகை வழக்கத்துக்கு மாறானது என்பது பொய்.

சீற்றத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவயில் 24 மணித்தியாலங்களில் 500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பதிவாயிற்று. இலண்டனில் வாழும் வாசகர்களுக்கு இவ்வாறு சொன்னால் விளங்கும்: அங்கே ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். அதற்குச் சற்றே குறைந்த மழை நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. நாடு முழுவதிலும் 600-க்கும் அதிகமானோர் மாண்டனர். காணாமற் போனோர் இன்னும் பலர். சேதத்தை 410 கோடி அமெரிக்க டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது.

அந்த மலைத்தொடரின் மறுபுறத்தில் இருக்கிறது லக்கல. மாத்தளையிலிருந்து அங்கே போவதற்கு இறத்தோட்டை கடந்து, தேயிலைத் தோட்டங்களுக்கூடாக வளைந்தேறி, ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டி, பிட்டவல பத்தனையின் புல்வெளி வழியே இலுக்கும்புறவுக்கு இறங்க வேண்டும். அதற்கப்பால் பல்லேகம. கொழும்பிலோ கண்டியிலோ கூலிக்கும் கடைவேலைக்கும் இருப்பவன், கையில் சம்பளத்துடன் வார இறுதியில் ஊர் திரும்பும் பாதைகளில் ஒன்று இது. நாவுல, எலஹெர வழியாகச் சுற்றியும் வரலாம். சுற்றுலாப் பயணிக்கு இந்தக் கணவாய் மூடுபனியைப் படம் பிடிக்கும் இடம். ஊரவனுக்கு வீட்டுக்கும் பிழைப்புக்கும் இடையில் தொங்கும் கயிறு. நவம்பர் 27, 28 ஆகிய நாள்களில் மாவட்டத்தின் மலைவீதிகள் பல இடங்களில் அறுந்தன. லக்கலப் பிரதேசத்துக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டன. வீட்டுக்குப் புறப்பட்டவன் வீட்டுக்கும் போக முடியாமல், வந்த இடத்துக்கும் திரும்ப முடியாமல் நின்றான்.

‘யார் அவனைப் புறப்படச் சொன்னது?’ என்று கேட்கும் நல்லறிவாளர்கள் நம்மிடையே உண்டு. நான் திருப்பிக் கேட்கிறேன்: யார் அவனைப் புறப்பட வேண்டாம் என்று சொன்னது?

அரசுக்குத் தெரியாது என்று எவரும் வாதிட முடியாது. நவம்பர் 22 ஆம் திகதி, அதாவது சூறாவளி கரையேறுவதற்கு ஆறு நாள்கள் முன்னரே, கடுகண்ணாவையில் கொழும்பு – கண்டி வீதியோரம் பாறை சரிந்து ஆறு உயிர்கள் போயின. மலை அன்றே பேசிவிட்டது. நவம்பர் 27 ஆம் திகதி க.பொ.த. உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டது. இலட்சக்கணக்கான மாணவர்கள் எழுதும் பரீட்சையை நிறுத்தும் அளவுக்கு ஆபத்தை அறிந்திருந்த அரசு, அதே நாள் இரவில் தூர சேவைப் பேருந்துகளை ஓடவிட்டது. மாணவன் பரீட்சை மண்டபத்துக்குப் போகக் கூடாது. ஆனால் அவனுடைய தந்தை இரவு பஸ்ஸில் பெருக்கெடுத்த ஆற்றைக் கடக்கலாம்! இதென்ன நியாயம்?

அதன் விளைவைக் காலா ஓயாவில் கண்டோம். வீதியை மூடிய வெள்ளத்துக்குள் அகப்பட்ட ஒரு பேருந்தின் பயணிகள் ஏறத்தாழ எழுபது பேர், அருகிலிருந்த வீட்டொன்றின் கூரையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தனர். கடற்படையினர் ஏறக்குறைய ஒரு முழுநாள் போராடி அவர்களை மீட்டனர். அவ்வீரர்களுக்கு என் வணக்கம். ஆனால் மீட்பின் வீரத்தைக் கொண்டாடிய தலைப்புச் செய்திகளுக்குக் கீழே எழுப்பப்பட வேண்டிய கேள்வி எழுப்பப்படவில்லை. அந்தப் பேருந்து ஏன் அந்த இரவில் அந்த வீதியில் இருந்தது?

விடையைத் தேடினால் ஐந்து அலுவலகங்களின் வாசற்படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். மழையைச் சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம். மண்சரிவைச் சொல்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். வீதியின் சொந்தக்காரர் வீதி அபிவிருத்தி அதிகார சபை. மாகாணங்களுக்கு இடையிலான பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் தருவது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அனர்த்தம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம். ஆழிப்பேரலைக்குப் பின் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் அமைந்த தேசியப் பேரவையின் தலைவர் நாட்டின் ஜனாதிபதியே. இருபது ஆண்டுகள் கழித்தும், ‘இன்றிரவு இந்த மலைவீதியில் வண்டி ஓடாது’ என்று ஒரே குரலில் சொல்லும் ஏற்பாடு பயணியின் காதுக்கு எட்டவில்லை. ஐந்து பேர் காவல் காத்த வீட்டில் திருடன் புகுந்த கதைதான்.

இனி மொழி. 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கிற்று. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் சட்டம் வந்தது. ஆயினும் டித்வாவின்போது அபாய அறிவிப்புகள் பல சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த வேகத்தில் தமிழில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு உடனுக்குடன் எழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ரிவர்ஸ்டன் வழியில் மழைக்குள் அகப்பட்டு இரண்டு மணி நேரம் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கியிருந்தேன். அங்கிருந்து பார்க்கத்தக்க தூரத்தில் சிங்களத்தில் மட்டும் எழுதிய எச்சரிக்கைப் பலகையொன்று நின்றது. அருகில் நின்ற தோட்டத் தொழிலாளியிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “தெரியாதுங்க ஐயா, ஏதோ கவர்மென்ட் போர்டு” என்றார். அவர் தினமும் நடக்கும் பாதை அது. உரிமைகளைப் பற்றிய மேடைப் பேச்சுகள் அனைத்தையும் விட அந்த மூன்று சொற்கள் கனமானவை. அபாயத்தை ஒருவனுக்கு விளங்காத மொழியில் அறிவிப்பது அறிவிக்காமல் இருப்பதே.

மாத்தளைக்கு வரும் வழி தமிழனுக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. வீழ்ந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடந்தனர். பிழைத்து வந்தவர்களின் வழிவந்தோர் இன்று மாத்தளை முத்துமாரியின் தேர்வடம் பிடிக்கிறார்கள். லயன் அறைகளில், அதே மலைச்சரிவுகளில், மண்சரிவுக்குக் கீழே உறங்குகிறார்கள். வழிப்பயணியின் உயிர் எவருடைய கணக்கிலும் இல்லை என்ற அந்தப் பழைய தோட்ட நிருவாக மனப்பான்மை இன்னும் நம் அலுவலகங்களை விட்டு அகலவில்லை.

‘இத்தகைய மழைக்கு எந்த அரசு என்ன செய்ய முடியும்?’ என்று கேட்போருக்கு ஒடிசாவைக் காட்டுகிறேன். 1999 இன் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 இல் ‘பைலின்’ வந்தபோது ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். உயிரிழந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. இடையிலான பதினான்கு ஆண்டுகளில் காற்று கருணை கொள்ளவில்லை, நிருவாகம் கற்றுக்கொண்டது. ஒடிசா செல்வம் கொழிக்கும் மாநிலமுமன்று.

பணமில்லை என்றும் சொல்ல வேண்டாம். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரையே நீருக்குள் விட்டு, புதிய நகரொன்றைக் கட்டி மக்களைக் குடியேற்றிய அரசு இது. 2018 இல் அங்கே நீர் நிரப்பப்பட்டது. கந்தோர், பாடசாலை, கடைத்தெரு யாவற்றையும் பெயர்த்து வைக்கத் தெரிந்த நாட்டுக்கு, அந்த நகருக்குப் போகும் வீதியின் குறுக்கே ஒரு தடையை இறக்கத் தெரியாதா? வறட்சியான வயல்களுக்கு லக்கல தன் நிலத்தையும் நீரையும் கொடுத்தது. பதிலுக்கு அது கேட்பது மிகச் சிறியது.

அதையும் எழுதிவிடுகிறேன். மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட கணமே அப்பிரதேசத்து மலைவீதிகள் தாமாகவே மூடப்பட வேண்டும். தனி உத்தரவுக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த வழியே செல்லும் பஸ்களின் அனுமதியும் அதே கணத்தில் இடைநிறுத்தப்பட வேண்டும், ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அன்றைய கூலி நட்டமாகாத வகையில். இறத்தோட்டையிலும் நாவுலவிலும் வழிமறிக்கப்படும் பயணிகளுக்கு இரவு தங்கப் பாடசாலையோ விகாரையோ கோவிலோ முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு அறிவிப்பும் இரு மொழிகளிலும் ஒரே நிமிடத்தில் வர வேண்டும். இவற்றுள் எதற்கும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

அடுத்த நவம்பர் எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இவை செய்யப்படாவிட்டால், மீண்டும் ஒருவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்று ‘காலந்தவறிய மழை’ என்பார். பத்திரிகை நண்பர்களே, அந்த வார்த்தையை அப்படியே அச்சேற்றாதீர்கள். எந்தத் திகதியில் எச்சரிக்கை வந்தது, எந்தத் திகதியில் வீதி மூடப்பட்டது என்று கேளுங்கள். இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.