எண்ணெய்க் குளியலுக்கு இரண்டு மணி நேரம்

வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று எழுதிவரும் நமது இதழில் உடம்பு பிடித்துவிடுவதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து கொள்முதலுக்கு வரும் மளிகைக்கடை நண்பர்கள் என்னிடம் சொல்வது சரக்கு விலையைப் பற்றி மட்டுமல்ல. "தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, கடன் நோட்டைத் திறக்கவே பயமாக இருக்கிறது" என்கிறார்கள். பால் பாக்கெட்டுக்காக விடியற்காலையில் திறந்த கடையை இரவு பத்து மணிக்குத்தான் மூடுகிறார்கள். ஊர்க்கடன் அறுவடை முடிந்துதான் வரும். எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளோ அதற்கு முன்பே பில்லை நீட்டுகிறோம். பதற்றம் வராமல் என்ன செய்யும்?

நம் பெரியவர்கள் ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று எண்ணெய்க் குளியலுக்கு நாள் வைத்தார்கள். உடம்பு பிடித்துவிடுவதைச் சித்த மருத்துவம் 'தொக்கணம்' என்று பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல் என ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறது. 32 புறமருத்துவ முறைகளில் அதுவும் ஒன்று. இன்று அந்த வழக்கம் பல வீடுகளில் தீபாவளியோடு சரி. (எண்ணெய் வியாபாரி எண்ணெய் விற்க எழுதுகிறான் என்று நினைப்பவர்கள் வீட்டிலிருக்கும் எண்ணெயையே தேய்த்துக்கொள்ளட்டும். விளக்கேற்றும் தீப எண்ணெயை மட்டும் தலையில் வைக்க வேண்டாம். அது உடம்புக்கானது அல்ல.)

மசாஜ் செய்தால் மனப்பதற்றம் குறையுமா? அமெரிக்காவில் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 2010ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஓயாத பதற்ற நோயுள்ள 68 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மசாஜ், இன்னொன்றுக்குக் கைகால்களில் வெந்நீர் ஒத்தடம் போன்ற சூடு, மூன்றாவது பிரிவுக்கு அமைதியான அறையில் படுத்து மெல்லிய இசை கேட்பது. 12 வாரத்தில் 10 முறை. மூன்று பிரிவினருக்குமே பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது! எதுவும் செய்யாத நாலாவது பிரிவு இல்லாததால், எதனால் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு வியாபாரியாக எனக்குப் பட்டது இது: கைவித்தையைவிட, யாரும் கூப்பிடாத அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஆகவே ஆயிரக்கணக்கில் கொடுத்து மசாஜ் நிலையம் போகத் தேவையில்லை. வீட்டில் மகன் தோளைப் பிடித்துவிட்டாலும் போதும். கல்லாவில் உட்காரும் நம் வீட்டுப் பெண்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடையையும் அடுப்பையும் சேர்த்துப் பார்க்கும் அவர்களுக்குத்தான் அந்த ஒரு மணி நேரம்கூட இல்லை.

எதற்கும் எண்ணெய் என்று இருந்துவிடவும் கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் நேரே மருத்துவமனைதான். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைப் பிடித்துவிடவே கூடாது. உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் நகர்ந்துவிடும் ஆபத்து உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு வந்தாலோ கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். கடன் தொல்லையைச் சொந்தக்காரர்களிடம் சொல்லக் கூசுகிறவர்கள் அங்கே சொல்லலாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் மட்டும் மூடினால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. எனவே ஒவ்வோர் ஊரிலும் எல்லா மளிகைக்கடைகளும் சனிக்கிழமை மதியம் 2 மணி முதல் 4 மணி வரை சேர்ந்தே மூடலாம் என்ற தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் வசூலுக்கு ஆள் அனுப்புவதில்லை என்று மொத்த வியாபாரிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.