சூடு தாங்காத சூரன்

தில்லி நேரு பிளேஸில் மெட்ரோவை விட்டு இறங்கிய மாத்திரத்தில் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். "லேப்டாப்? பிரின்டர்? ரிப்பேர்?" கூட்டத்தை விலக்கி மாடியேறினால், வரிசை வரிசையாக அசெம்பிள் செய்து தரும் கடைகள். வீடியோ எடிட்டிங் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர், பிள்ளைக்கு 'நல்ல மெஷின்' வாங்கித் தர வந்த அப்பா, எல்லோரிடமும் ஒரு கட்டத்தில் அந்தப் பெயர் சொல்லப்படும்: ஐ9. மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான் என்ற தொனியில்.

இன்டெல்லின் கோர் ஐ9-14900கே 2023 அக்டோபரில் வெளிவந்தது. அமெரிக்க விலை 589 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 49,000 ரூபாய், வரி தனி. ஒரு விரல் நீள சிப்புக்கு இத்தனை விலை கொடுப்பது நியாயமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கத்தான் செய்கிறது.

அந்த சிப்புக்குள் 24 கோர்கள். எட்டு, பாரம் தூக்கும் பெரிய கோர்கள். பதினாறு, சில்லறை வேலை பார்க்கும் சிறிய கோர்கள். உச்ச வேகம் 6 கிகாஹெர்ட்ஸ். பெரிய வீடியோ கோப்பை ஒரு பக்கம் ஓடவிட்டு மறுபக்கம் வேறு வேலை பார்க்கலாம். சிப்புக்குள்ளேயே அடங்கிய கிராஃபிக்ஸ் பகுதி, வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் கைகொடுக்கிறது. எடிட்டிங் செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம். மதர்போர்டைப் பொறுத்து பழைய டிடிஆர்4 நினைவகத்தையும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் அந்தச் செலவிலும் கொஞ்சம் மிச்சம். இவையெல்லாம் விளம்பர வாசகங்கள் அல்ல, நிஜமான பலங்கள்.

பலவீனம் மின்சாரத்தில் தொடங்குகிறது. சாதாரணமாக 125 வாட் என்று குறிக்கப்பட்ட இந்த சிப், முழு மூச்சில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் அப்படி ஓடினால் இரண்டு யூனிட். மாதத்துக்கு 60 யூனிட். கிராஃபிக்ஸ் கார்டும் மானிட்டரும் தனிக் கணக்கு. 2019 ஆகஸ்டில் தில்லி அரசு கொண்டுவந்த சலுகையில் மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை. அதைத் தாண்டினால் 400 வரை பாதி மானியம்தான். எல்லைக்குள் நிற்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ள இந்த 60 யூனிட் போதும்.

இழுத்த மின்சாரம் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். இங்கேதான் தில்லி குறுக்கிடுகிறது. சிப்பின் உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அறை 25 டிகிரியில் இருந்தால் வெப்பத்தைக் கடத்த 75 டிகிரி இடைவெளி உண்டு. அறை 40 டிகிரியானால் இடைவெளி 60 ஆகச் சுருங்குகிறது. அதாவது, அதே ஃபேன், அதே ரேடியேட்டர், ஆனால் ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தைக் கடத்த முடியாது. 253 வாட்டைச் சமாளித்த கருவி 200 வாட்டிலேயே திணறும். சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். காசு கொடுத்து வாங்கிய 6 கிகாஹெர்ட்ஸ் கோடை மதியத்தில் காணாமல் போகும். 2024 மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. ஏசி அறையில் சோதித்து வெளியிட்ட மதிப்பெண்களை மாடி வீட்டு அறையில் எதிர்பார்ப்பது வீண். மே மாதப் புழுதிக் காற்று ரேடியேட்டரை அடைத்துக்கொண்டால் கதை முடிந்தது.

இதுவரை சொன்னது எந்த உயர்ரக சிப்புக்கும் பொருந்தும். இந்த வம்சத்துக்கென்றே வந்த வியாதி வேறு. 13, 14ஆம் தலைமுறை ஐ9 வைத்திருந்தவர்கள், விளையாட்டுகள் பாதியில் நின்றுபோவதாக உலகெங்கும் புகார் சொன்னார்கள். திரையில் தெரிந்த செய்தியோ, 'வீடியோ மெமரி போதவில்லை'. பலரும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். குற்றவாளி பிராசஸர்.

2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது: சிப்பின் உள் நிரல் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்குகிறது. அந்த மிகை வோல்டேஜில் உள்ளே ஒரு பகுதி மெல்ல மெல்ல மூப்படைகிறது. சிப்பின் வரம்புகளைத் தளர்த்திவிட்டு மதர்போர்டை விற்ற நிறுவனங்களும் தம் பங்குக்கு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியிருந்தன. ஆகஸ்டில் திருத்திய நிரல் வந்தது. பிறகு செப்டம்பரில் இன்னொன்று. 2025 மே மாதம் மேலும் ஒன்று. ஆனால் இந்த மருந்து வருமுன் காப்பதற்கு மட்டுமே. ஏற்கெனவே பழுதான சிப்பைத் திருத்தம் குணப்படுத்தாது. 2025 ஜூலையில் மோஸில்லா நிறுவனப் பொறியாளர் ஒருவர், ஐரோப்பாவில் வெப்ப அலை வீசும் இடங்களில் இந்த சிப்புகள் கொண்ட கம்ப்யூட்டர்களில் ஃபயர்ஃபாக்ஸ் அதிகமாக முடங்குவதாகச் சொன்னார். ஐரோப்பிய வெயிலுக்கே இந்தக் கதி.

இன்டெல்லுக்கு இது புதிய அனுபவம் அல்ல. 1994ல் பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளில் தப்பான விடை தந்தது. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி அதைக் கண்டுபிடித்தார். சாதாரணப் பயனாளிக்கு 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்தத் தப்பு நேரும் என்று முதலில் தட்டிக்கழித்த நிறுவனம், டிசம்பரில் கேட்பவர்களுக்கெல்லாம் மாற்றித் தர இறங்கிவந்தது. செலவு 47.5 கோடி டாலர். இந்த முறை அவ்வளவு முரண்டு பிடிக்கவில்லை. பெட்டியில் வந்த சிப்புகளுக்கு மூன்றாண்டு உத்தரவாதத்தை ஐந்தாக நீட்டியது.

'பெட்டியில் வந்த' என்பதைக் கவனிக்க வேண்டும். சந்தையில் 'டிரே' சிப் என்று ஒரு சரக்கு உண்டு. கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்காகத் தட்டில் அடுக்கி வருவது. பெட்டி இல்லை, விலை குறைவு. வேலை செய்வதில் வித்தியாசம் இல்லை. பழுதானால்தான் தெரியும். டிரே சிப் வாங்கியவர் இன்டெல்லிடம் நேராகப் போக முடியாது. விற்ற கடைக்காரரிடம்தான் போக வேண்டும். கடைக்காரர் பில் கேட்பார். 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்க 'கச்சா பில்'லில் வாங்கியவர் கையில் என்ன இருக்கும்? மெல்ல மூப்படையும் வியாதிக்கு, மூன்றாவது வருஷம் காட்ட வேண்டிய காகிதம்தான் பெரிய சொத்து.

போட்டியாளர் மட்டும் உத்தமரா? ஏஎம்டியின் ரைஸன் 9 7950எக்ஸ் 2022 செப்டம்பரில் வந்தது. ஒரே மாதிரியான 16 கோர்கள். அதுவும் 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டு ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது. 2023ல் அதே தலைமுறையின் எக்ஸ்3டி சிப்புகள் சில, மதர்போர்டு தந்த மிகை வோல்டேஜில் கருகின. வரம்பு விதித்த பிறகே அடங்கியது. ஆனாலும் ஒரு சாதகம்: அதன் சாக்கெட்டிலேயே பிறகு வந்த 9000 வரிசை சிப்பையும் பொருத்த முடிகிறது. 14900கேயின் சாக்கெட்டோ அந்தத் தலைமுறையோடு முடிந்துபோனது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 9 285கே குறைவாக மின்சாரம் தின்கிறது. விளையாட்டுகளில் மட்டும் பல சோதனைகளில் பழைய அண்ணனிடமே தோற்றது. அதற்கு மதர்போர்டும் புதிதாக வாங்க வேண்டும்.

அப்படியானால் யாருக்கு ஐ9? மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்து பிழைப்பவர், முப்பரிமாண அனிமேஷன் செய்பவர், பெரிய சாஃப்ட்வேரைத் தினமும் கம்பைல் செய்பவர். அவர்களுக்கு மிச்சமாகும் ஒவ்வொரு மணியும் காசு. கரோல் பாகில் தங்கி ஐஏஎஸ் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பும் தமிழ் டைப்பிங்கும்தான் என்றால் ஐ3 தாராளம். ஐ5 இருந்தால் ஆடம்பரம்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், அல்லது ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், செய்யக்கூடியது உண்டு. முதல் நாளே மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்து, இன்டெல் வகுத்த வரம்புகளுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மின்சார வரம்பை இன்னும் குறைத்தும் வைக்கலாம். வாட்டைப் பாதியாகக் குறைத்தால் வேகம் பாதியாகக் குறைந்துவிடாது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் இந்த சிப் மின்சாரத்தை வாரி இறைக்கிறது. காரணமில்லாமல் புரோகிராம்கள் முடங்கினால், கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றும் முன் பிராசஸரைச் சந்தேகிப்பது நல்லது.

நேரு பிளேஸ் கடைக்காரர்களிடம் வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்பது, "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" சட்டென்று பதில் வரும். "பெட்டி சீல் உடையாமல் இருக்கிறதா, ஜிஎஸ்டி பில் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே கடையின் தரம் தெரிந்துவிடும்.