கல்லூரி உள்ள சிற்றூரில் குடியேறலாமா?



வளைகுடாவிலிருந்து திரும்ப எண்ணுவோரும், சென்னை வாடகையில் களைத்துப்போனோரும் நம்மிடம் அடிக்கடி கேட்பது இது: "ஹஜ்ரத், அதிராம்பட்டினம் போன்ற ஊரில் குடியேறலாமா?"

விளைச்சலற்ற பள்ளத்தாக்கில் தம் குடும்பத்தாரைக் குடியமர்த்திய இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆவைத் திருக்குர்ஆன் (14:37) எடுத்துரைக்கிறது. அதில் தொழுகை முதலிலும், மக்களின் உள்ளங்கள் அவர்கள்பால் சாய்வது அடுத்தும், உணவு அதன் பின்னும் இடம்பெறுகின்றன. நாமும் அவ்வரிசையிலேயே ஊரை நிறுத்துப் பார்ப்போம்.

முதல் அளவுகோலில் ஊர் குறைவின்றித் தேறுகிறது. நடந்து செல்லும் தொலைவில் பள்ளிவாசல், பிள்ளைகளுக்கு மதரஸா. 1955இல் தொடங்கப்பட்ட காதிர் முகைதீன் கல்லூரி இருப்பதால், நம் பெண்மக்கள் விடுதியை நாடாமல் வீட்டிலிருந்தே பட்டம் பெறலாம். இதனைச் சிறிய நிஃமத்தாக எண்ணலாகாது.

இரண்டாவதில் சற்று நிதானம் தேவை. உறவுமுறையால் பின்னப்பட்ட தெருக்களில் புதிதாய் வருவோர் சில காலம் விருந்தாளியாகவே இருப்பர். ஐவேளைத் தொழுகைக்கும் ஜனாஸாவுக்கும் தவறாது முன்னிற்பவரை ஊர் தன்னவராக்கிக்கொள்ளும்.

மூன்றாவதில்தான் இடர். மீன்பிடி, உப்பளம், தென்னை, கடைத்தெரு ஆகியவையே உள்ளூர் வாழ்வாதாரம். தென்னையை மட்டும் நம்பியிருந்தோரின் நிலையை 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் காட்டிவிட்டது. கல்லூரி ஊரில் உள்ளது. படித்தவனுக்கேற்ற வேலையோ பெரும்பாலும் ஊருக்கு வெளியே உள்ளது. ஆகவே குடும்பம் ஊரிலும் தகப்பனார் கடலுக்கு அப்பாலும் என்றாகிறது. இதனைக் குடியேற்றம் என்பதா, பிரிவு என்பதா?

பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் இப்பிரிவை மேலும் நீட்டிக்கிறது. மூன்று பெண்மக்களைப் பெற்றவர் மூன்று வீடுகளுக்காக உழைக்கிறார். வீட்டுக்கான தேவை பெருகப் பெருக மனை விலையும் ஏறுகிறது. பெண்ணுக்குத் தங்க இடம் இருப்பது நன்மையே. நாம் அதனைக் குறைகூறவில்லை. எனினும் மார்க்கம் மஹரை ஆணின்மீதுதான் கடமையாக்கியது. வீட்டைப் பெண்ணின் தகப்பனார்மீது கடமையாக்கவில்லை. புதிதாய்க் குடியேறுவோர் இவ்வழக்கத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டால், சிற்றூரின் சிக்கனம் என்ற கணக்கே பொய்த்துவிடும்.

எனவே நம் கருத்து இதுவே: தகப்பனாரும் உடன் தங்கி, அளவான வருவாயில் வாழ இயலுமாயின் தாராளமாகக் குடியேறுங்கள். பிள்ளைக்குக் கல்லூரியைவிடத் தகப்பனாரின் அருகாமை அவசியம். அதற்கு வழியில்லையேல், குடும்பம் சேர்ந்திருக்கும் நகரத்து வாடகை வீடே மேல்.

மனை வாங்குமுன் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். ரமளானையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் அங்கே கழியுங்கள். இரவில் அவசர சிகிச்சைக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பட்டுக்கோட்டைக்கும், அதற்கும் மேல் தஞ்சாவூருக்கும் செல்லும் வழியைக் கண்டறியுங்கள். வீட்டுப் பெண்களிடம் மஷூரா செய்யுங்கள். அங்கே பகல் முழுதும் வாழப்போவோர் அவர்களே. பின்னர் இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள்.

எவ்வூரில் தங்கினும் தொழுகையும் குடும்பமும் நிலைபெற வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.