மடுவத்துத் தராசும் கொழும்பு வரைவும்

கொழுந்து நிறுக்கும் மடுவங்களில் கணக்கப்பிள்ளையின் கொப்பி இருந்த இடத்துக்கு டிஜிட்டல் தராசு வந்துகொண்டிருக்கிறது. அட்டையைக் காட்டினால் தொழிலாளியின் பெயர் திரையில் தெரியும். நிறை நேரே கம்பனிக் கணினிக்குப் போகும். ஈரத்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ வெட்டுவது, எத்தனை கிலோவுக்கு முழுப்பேர், எதற்குக் கீழே அரைப்பேர் என்பதை மென்பொருளுக்குள் முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். கங்காணியோடு வாதாடிப் பழகிய பெண் இந்தத் திரையோடு எப்படி வாதாடுவாள்? நம் வாசகர்களான தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் தொழில் உத்தியோகத்தர்களும் சட்டத்தரணிகளும் இதற்கு இப்போதே விடை தேட வேண்டும்.

இத்தகைய தீர்மானங்களை எடுக்கக்கூடிய செயற்கை நுண்ணறிவை எப்படி வளர்ப்பது, எப்படி ஒழுங்குபடுத்துவது என்று அரசு ஆராயாமல் இல்லை. 2024 வரவு செலவுத் திட்டத்தில் இத்துறைக்கு 150 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. ஜனாதிபதி நியமித்த குழு தயாரித்த தேசிய உபாய வரைவு அதே ஆண்டு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. இப்படிக் கருத்துக் கேட்கும்போது மென்பொருள் நிறுவனங்களும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் ஆங்கிலத்தில் ஆவணம் தயாரித்து அனுப்பிவிடும். அதற்கான ஆட்கள் அவற்றிடம் உண்டு. மடுவத்தின் அனுபவத்தை எழுதி அனுப்ப நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.

அனுப்பினால் பயன் உண்டா என்று கேட்பவர்கள் ஐரோப்பாவைப் பார்க்கலாம். ரோபோக்களுக்கான குடியியல் சட்ட விதிகள் வேண்டும் என்று ஐரோப்பியப் பாராளுமன்றம் 2017 பெப்ரவரியில் தீர்மானம் நிறைவேற்றியது. 2020இல் வெள்ளை அறிக்கை, 2021 ஏப்ரலில் சட்ட முன்மொழிவு என்று நகர்ந்து, 2024 ஆகஸ்ட் 1 அன்றுதான் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் அமுலுக்கு வந்தது. ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட அந்த வேலையில் தொழிற்சங்கங்கள் விடாமல் தலையிட்டன. ஆட்சேர்ப்புக்கும் வேலைப் பகிர்வுக்கும் தொழிலாளியின் செயற்றிறனைக் கண்காணிப்பதற்கும் பயன்படும் முறைமைகள் இன்று அங்கே அதிக ஆபத்துள்ளவை என வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. அத்தகைய முறைமையை வேலைத்தலத்தில் பயன்படுத்தும் முன் தொழிலாளருக்கும் அவர்களது பிரதிநிதிகளுக்கும் அறிவிப்பதை அச்சட்டம் தொழில்தருநரின் கடமையாக்குகிறது. நம் கூட்டு ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரிகூட இருந்ததில்லை.

நம் கையில் எதுவுமே இல்லை என்று சொல்லவும் முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் தன்னியக்கமாக எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையைத் தந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டை நன்றாக வாசித்துப் பாருங்கள். பாதிப்பு மீளமுடியாததாகவும் தொடர்ச்சியானதாகவும் இருக்க வேண்டுமாம். ஒரு நாள் அரைப்பேர் அப்படிப்பட்டதா? மாதம் முழுவதும் அரைப்பேர் விழுந்து, சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பும் குறைந்தால்? கணக்கப்பிள்ளை ஒரு பொத்தானை அழுத்துகிறார் என்பதற்காக அந்தத் தீர்மானம் தன்னியக்கமானது அல்ல என்று கம்பனி வாதிட இடமுண்டு. சம்மதம் பெறப்பட்டிருந்தால் இந்த உரிமைக்கு விதிவிலக்கும் உண்டு. தோட்டத்தில் சம்மதம் எப்படிப் பெறப்படுகிறது என்பது நமக்குத் தெரியும்: பெரட்டில் நிற்கவைத்து, வாசித்துக் காட்டாத தாளில் ஒரு கைநாட்டு. போதாக்குறைக்கு, 2025 மார்ச் 18இல் அமுலுக்கு வரவிருந்த பிரதான பகுதிகளும் ஒத்திவைக்கப்பட்டன.

ஆகவே பழைய சட்டங்களையும் விட்டுவிடக் கூடாது. 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி சம்பளப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதைப் பரிசோதிக்கும் அதிகாரம் தொழில் உத்தியோகத்தருக்கு உண்டு. பதிவேடு கணினிக்குள் போய்விட்டதால் அந்த அதிகாரம் தேய்ந்துபோவதில்லை. மொத்த நிறை, வெட்டிய கிலோ, வெட்டியதற்கான காரணம், பின்னர் செய்த திருத்தம், திருத்தியவர் பெயர் ஆகிய எல்லாமே பதிவேட்டின் பகுதி என்று கேட்டுப் பெற வேண்டும். தராசு சரியாக நிறுக்கிறதா என்று பார்க்க 1995ஆம் ஆண்டின் அளவீட்டு அலகுகள் சட்டமும் அதற்கான திணைக்களமும் இருக்கின்றன. ஆனால் முத்திரை குத்திய தராசு சரியான நிறையைக் காட்டிய பிறகு மென்பொருள் இரண்டு கிலோவைக் கழித்தால், அதைப் பரிசோதிப்பவர் யார்? இப்போது யாரும் இல்லை. அரசின் ஆய்வு முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்.

தொழிலாளியைப் பற்றிய பதிவு அவருக்கே எதிராகத் திரும்புவது மலையகத்தில் புதிதில்லை. கடன் தொகையை எழுதிய துண்டுச் சீட்டு ஒரு குடும்பத்தையே தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கைமாற்றியது. தொழிலாளியால் அதை வாசிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. அந்த முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. ஆகக்குறைந்த சம்பளத்துக்கான கட்டளைச் சட்டம் 1927இல் வந்தது. 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது சட்டங்கள் இருந்தன. அவற்றைத் தொழிலாளியின் மொழியில் கேட்டுப் பெறும் ஆள்பலம் இல்லை.

இயந்திரம் வேண்டாம் என்பது எமது நிலைப்பாடு அன்று. கொழுந்து பறிக்கும் இயந்திரமும் மருந்து தெளிக்கும் ட்ரோனும் முதுகுச் சுமையையும் நச்சுப் புகாரையும் குறைக்குமானால் வரவேற்போம். நேர்மையான தராசு கங்காணியின் கைவரிசைக்கும் முடிவு கட்டும். அந்த நேர்மையைத் தொழிலாளி தானே சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறோம்.

அடுத்த சம்பளப் பேச்சில் மூன்று வாசகங்களை முன்வைக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம். மொத்த நிறையும் வெட்டும் தனித்தனியே தெரியும் தமிழ்ச் சீட்டு அன்றன்றே மடுவத்தில் கிடைக்க வேண்டும். கழிவு விதியை மாற்றுவதற்கு முன் சங்கத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆட்சேபம் எழுந்தால் அதைக் கேட்டு அன்றே மாற்றும் அதிகாரம் தோட்டத்தில் உள்ள ஓர் உத்தியோகத்தருக்கு இருக்க வேண்டும். வெட்டுத் தொடர்பான பிணக்குகளின் ஆவணங்களை, தொழிலாளியின் பெயரை மறைத்து எமக்கு அனுப்புங்கள்; அவற்றைத் தொகுத்துத் தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கும் தொழில் ஆணையாளருக்கும் சமர்ப்பிப்போம்.